எழும்பி நின்ற சேர்வரை அணைத்த நாள்

கணினி எழும்பவில்லை என்று யாராவது தொலைபேசியில் கூப்பிட்டால், "ஸ்க்ரீன்ல என்ன தெரியுது?" என்றுதான் நீங்கள் முதலில் கேட்கிறீர்கள். நானும் நெடுங்காலம் அப்படித்தான் கேட்டேன். இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். இருந்தாலும் சிக்கல் என்று வந்தால் உங்களில் யாராவது ஒருவர் என்னைக் கூப்பிடத்தான் செய்கிறீர்கள். அப்போது நான், "அந்த மெஷினை நம்பி இப்ப யார் இருக்காங்க?" என்று கேட்பேன். மறுமுனையில் கொஞ்சம் எரிச்சல் தெரியும். வயதாகிவிட்டது, விஷயத்துக்கு வராமல் ஏதோ கேட்கிறார் என்று நினைப்பீர்கள். அந்தக் கேள்வியை எனக்குள் போட்டது ஒரு மழை நாள். அதைச் சொல்லிவிடுகிறேன்.

பதுளைக் கடைவீதியில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. தேயிலைத் தோட்டங்களில் மண்சரிவு அபாயம் உள்ள லயங்களுக்கு, தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளுக்கு, முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கும் சிறிய தொண்டு நிறுவனம் அது. ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் ஒரு கம்பத்தில் மழைமானி கட்டியிருந்தோம். அதற்குள் இருக்கும் சிம் கார்ட், பெய்த மழையின் அளவை எங்கள் சேர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சேர்வர் அதைக் கூட்டிக்கொண்டு வரும். கூட்டுவதில்தான் விஷயம் இருக்கிறது. மலை அன்றைக்குப் பெய்த மழையால் மட்டும் சரிவதில்லை. பல நாள் ஊறிய மண்ணில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் இறங்கினால் போதும். அதனால் கடந்த நாட்களின் மழையையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, எல்லை தாண்டினால் அந்தப் பிரிவில் இருக்கும் சைரனை சேர்வர் தானாகவே அடிக்க வைக்கும். எங்கள் திரையில் பச்சை என்றால் பயமில்லை, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் வெளியேற வேண்டும்.

சேர்வர் யுனிக்ஸ் வழி வந்த லினக்ஸில் ஓடியது. அதற்கு நான் பொறுப்பு. எனக்கு உதவியாகப் பசறையைச் சேர்ந்த ரமேஷ் இருந்தார். கை வேகமானவர், எதையும் கழற்றிப் பார்க்கப் பயப்படாதவர். எங்கள் இரண்டு பேருக்கும் மேலே நிறுவனப் பொறுப்பாளர். அவரை எல்லோரும் சேர் என்றுதான் கூப்பிடுவோம்.

அந்த வடகிழக்குப் பருவத்தில் மழை விடவே இல்லை. அலுவலகம் வந்து சேர்வதற்குள் சேலையின் கீழ்ப்பாதி நனைந்து கனத்துப் போகும். அன்று காலை நான் படியேறும்போதே மாடியில் கரண்ட் இல்லை. கொஞ்ச நேரத்தில் வந்தது. மின்விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, சேர்வர் மட்டும் எழும்பவில்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. தன்னை இயக்குவதற்கு டிஸ்க் எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு நின்றது.

"ரெண்டு டிஸ்க் இருக்கே மிஸ், எப்படி இல்லைன்னு சொல்லுது?" என்றார் ரமேஷ்.

உண்மைதான். ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கட்டும் என்று, இரண்டு டிஸ்க்கிலும் ஒரே விஷயத்தை ஒரே நேரத்தில் எழுதும்படி வைத்திருந்தோம். இரண்டுமா போகும்?

ரமேஷ் பெட்டியைத் திறக்க ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். நான் தொலைபேசியை எடுத்தேன். அது ஏதோ பெரிய யோசனையில் செய்தது என்று நினைக்காதீர்கள். சன்னலுக்கு வெளியே மழை விழுந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் பட்டியலில் எனக்கு அதிகப் பயம் தந்த இடம் ஒன்று உண்டு. தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்தின் மேல் பிரிவு. மேற்கணக்கு என்பார்கள். அங்கே ஒரு செங்குத்துச் சரிவின் அடியில் லயங்கள், அவற்றை ஒட்டிப் பிள்ளைக் காம்பரா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம். அதைப் பார்த்துக்கொள்ளும் புஷ்பராணிதான் அந்தப் பிரிவில் எங்கள் தொடர்பாளர்.

"புஷ்பராணி, பதுளை ஒஃபிஸ்ல இருந்து பேசுறேன். எங்க மெஷின் விழுந்துருச்சு. அங்க எவ்வளவு மழைன்னு எங்களுக்கு இப்ப தெரியாது. சைரன் அடிக்காது. அடிக்கலங்கிறதுக்காக ஒண்ணும் இல்லைன்னு நெனைச்சிறாதீங்க."

பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"அப்ப நாங்க என்னா மிஸ் செய்றது?"

மலை ஊற்றிலிருந்து பீலி வழியாக வரும் தண்ணீர் கலங்கினால் உள்ளே மண் அசைகிறது என்று அர்த்தம். "பீலித் தண்ணி எப்படி வருது?"

"காலையில நல்லாத்தான் வந்துச்சு. இப்ப பாக்கல. பெரட்டுல பேர் குடுத்துட்டு எல்லாரும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிட்டாங்க. இந்தப் பிள்ளைகள விட்டுட்டு நான் நகர முடியாது. யாரையாச்சும் அனுப்பிப் பாக்கச் சொல்றேன்."

"பாத்துட்டு உடனே சொல்லுங்க. நாங்க கண்ணு தெரியாம உட்கார்ந்திருக்கோம்."

நான் தொலைபேசியை வைத்தபோது சேர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். முகம் இறுகியிருந்தது.

"மெஷின் விழுந்துருச்சுன்னு ஏன் அவங்கள்ட்ட சொன்னீங்க? வீணாப் பயந்துற மாட்டாங்களா?"

"பயந்தா என்ன சேர்? தெரியாதுங்கிறத தெரியாதுன்னு தானே சொன்னேன்."

அவர் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்கு முந்தைய மழைகளில் எங்கள் சைரன் இரண்டு முறை அடித்து, சனங்கள் சட்டி பானையோடு கீழே இறங்கி, ஒன்றும் நடக்காமல் திரும்பிப் போயிருந்தார்கள். அன்றைய வேலை கெட்டது என்று தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை சேரைக் கூப்பிட்டுக் கடுமையாகப் பேசியிருந்தார். "மூணாவது தடவையும் சும்மா கூப்பிட்டா, நாலாவது தடவை ஒருத்தரும் வர மாட்டாங்க. அப்பதான் மலை வரும்" என்பது சேரின் பயம். அது பதவிக்கான பயமில்லை. அந்த லயங்களைப் பற்றிய பயம்தான்.

இதற்குள் ரமேஷ் பெட்டியைத் திறந்து, இரண்டு டிஸ்க்கின் கேபிளையும் கழற்றிவிட்டார். எது கெட்டது என்று தெரிந்துகொள்ள ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம் என்றார். சரியான யோசனை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். முதல் டிஸ்க்கை மட்டும் அழுத்திச் செருகி பட்டனை அமுக்கினார்.

திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கின.

"வந்துருச்சு! மிஸ், வந்துருச்சு!"

அந்த எழுத்துகள் ஓடுவதைப் பார்க்கும்போது உடம்பில் ஒரு சூடு பரவும், உங்களுக்கும் தெரியும். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் எங்கள் வழக்கமான திரை வந்தது. எல்லாத் தோட்டங்களும் பச்சை. மேற்கணக்கும் பச்சை.

சேர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அப்பாடா. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிருங்க, பயப்பட ஒண்ணும் இல்லைன்னு."

ரமேஷ் சிரித்துக்கொண்டே இரண்டாவது டிஸ்க்கின் கேபிளைக் கையில் எடுத்தார். "கேபிள் லூஸ் போல மிஸ். இதையும் போட்டு ஜோடி சேத்து விட்டுட்டா ரெண்டும் ஒண்ணாயிரும்."

நானும் சிரித்துக்கொண்டுதான் தொலைபேசியை எடுத்தேன். எண்ணை அமுக்கும் நேரத்தில் கண் சும்மா மேற்கணக்கின் மழைக் கோட்டின் மேல் விழுந்தது. கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. நேற்று மழை இல்லை. முந்தாநாளும் இல்லை.

நேற்று நான் தொப்பலாக நனைந்து வீட்டுக்குப் போயிருந்தேன்.

"ரமேஷ், அதைப் போடாதீங்க!"

என் குரலே எனக்கு வேறாகக் கேட்டது. ரமேஷ் கேபிளைப் பிடித்த கையோடு அப்படியே நின்றார்.

கடைசியாகப் பதிவான அளவின் தேதியைத் தேடினேன். சில வாரங்களுக்கு முந்தையது. மழை தொடங்குவதற்கும் முன்பு.

நடந்தது இதுதான். முதல் டிஸ்க், கேபிள் தளர்ந்து, சில வாரங்களுக்கு முன்பே ஜோடியிலிருந்து கழன்றுபோயிருக்கிறது. அதன்பிறகு வந்ததெல்லாம் இரண்டாவது டிஸ்க்கில் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. சேர்வர் அதை முறையிட்டுத்தான் இருந்தது. ஆனால் முறையீடு போய்ச் சேர்ந்தது, வேலையை விட்டுப் போன ஒருவரின் மின்னஞ்சலுக்கு. கணினியை எழுப்பி விடும் அந்தச் சின்ன நிரல் முதல் டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது. அதனால்தான் கரண்ட் போய் வந்தபோது, எல்லா விவரத்தையும் வைத்திருந்த இரண்டாவது டிஸ்க்கால் எழும்ப முடியவில்லை. இப்போது எழும்பி நிற்பது மழையையே பார்க்காத டிஸ்க். இந்த நிலையில் இரண்டாவதையும் செருகி ஜோடி சேர்த்தால், எழும்பி நிற்பதுதான் சரி என்று எடுத்துக்கொண்டு, இதிலிருப்பதை அதன் மேல் எழுதிவிடும். ஊறிய மலையின் கணக்கு முழுவதும் அழிந்துபோகும்.

சேரிடம் இதைச் சுருக்கமாகச் சொன்னேன்.

"சரி, பழசுதான். ஆனா இனிமே பெய்றத எடுத்துக்கும்ல? ஓடட்டும். ஒண்ணும் இல்லாததுக்கு இது மேல்."

"இல்ல சேர். இது இன்னைக்குத்தான் மழை ஆரம்பிச்சிருக்குன்னு நெனைச்சுக்கிட்டு கணக்கு போடும். சிவப்பு வர்றதுக்கு நாளாகும். அது வரைக்கும் பச்சைன்னு காட்டிக்கிட்டே இருக்கும். அத நம்பி நாமளும் உட்கார்ந்திருப்போம்."

"அணைச்சா மறுபடி வருமா? நிச்சயமாச் சொல்ல முடியுமா?"

"முடியாது."

அவர் என்னைப் பார்த்தார். ரமேஷ் என்னைப் பார்த்தார். நான் பச்சைத் திரையைப் பார்த்தேன். எழும்பாத மெஷினோடு போராடுவது ஒரு கஷ்டம். எழும்பி நிற்கும் மெஷினை நம் கையாலேயே அணைப்பது வேறு கஷ்டம். அதை யாரும் எனக்குப் பழக்கியிருக்கவில்லை. அணைத்தேன். முதல் டிஸ்க்கைக் கழற்றி மேசையின் அடுத்த மூலையில், யார் கையும் தவறிப் படாத இடத்தில் வைத்தேன்.

இனி இருந்த ஒரே வழி அவசர சீடி. சேர்வரின் சொந்த டிஸ்க் எழும்பாதபோது, சீடியில் இருக்கும் ஒரு சின்ன இயங்குதளத்தை வைத்து மெஷினை எழுப்பி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். எங்களிடம் அது இருந்ததற்குக் காரணம் முன்யோசனை இல்லை. ஒரு முறை எங்களைப் பரிசோதிக்க வந்தவர்கள் இருக்கிறதா என்று கேட்டதற்காக, அவசர அவசரமாக ஒன்றைச் செய்து அலமாரிக் கதவின் உட்புறம் உறையோடு ஒட்டி வைத்திருந்தோம். அது வேலை செய்யுமா என்று வேடிக்கைக்காகத் தன் லேப்டொப்பில் போட்டுப் பார்த்தவர் ரமேஷ். அவர் அன்று வேடிக்கை பார்த்தது இன்று எனக்குத் தைரியம் கொடுத்தது.

சீடியை எடுத்தேன். சேர்வரின் சீடித் தட்டு திறக்கவில்லை. பல வருடமாக யாரும் அதைத் திறந்ததில்லை. தட்டின் முகப்பில் ஒரு சின்னத் துளை இருக்கும், கம்பி விட்டு அழுத்தினால் திறக்கும். கம்பி தேடி ரமேஷ் மேசை மேசையாக இழுப்பறைகளைத் திறந்தார். நான் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி நிமிர்த்திக் கொடுத்தேன். தட்டு முனகிக்கொண்டு வெளியே வந்தது.

சீடி சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. மூன்று பேரும் அந்தச் சத்தத்தை, வைத்தியர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதைப் போல கேட்டுக்கொண்டு நின்றோம். பிறகு திரையில் எழுத்துகள் வந்தன. கடைசியில் ஒரு வெறும் கட்டளை வரி. இரண்டாவது டிஸ்க் அதன் கண்ணுக்குத் தெரிந்தது.

உடனே சரிசெய்துவிட வேண்டும் என்று கை பரபரத்தது. கையை ஒரு முறை மடியில் வைத்து எடுத்தேன். டிஸ்க்கை வாசிக்க மட்டும் முடியும்படி, ஒரு எழுத்துக்கூட அதில் எழுத முடியாதபடி திறந்தேன். கோப்புகள் வரிசையாக வந்தன. மேற்கணக்கின் மழைப் பதிவைத் திறந்து கீழே வரைக்கும் போனேன். நேற்று இருந்தது. இன்று காலை கரண்ட் போவதற்குச் சற்று முன்பு வந்த அளவு வரைக்கும் இருந்தது. ஒன்றும் போகவில்லை. அந்த டிஸ்க்குக்கு எழும்பி நிற்கும் வழி மட்டும்தான் தெரிந்திருக்கவில்லை.

"எல்லாம் இருக்கு சேர்" என்றேன்.

"அப்ப பூட்டிங்க சரி பண்ணி ஸ்டார்ட் பண்ணிருவோமா மிஸ்?" என்றார் ரமேஷ்.

"இருங்க. முதல்ல கூட்டுவோம்."

சேர்வர் தானாகச் செய்யும் கூட்டலை நானும் ரமேஷும் ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் கையால் செய்தோம். தனித்தனியாகக் கூட்டி ஒப்பிட்டுப் பார்த்தோம். காலையில் கரண்ட் போகும்போதே மேற்கணக்கு சிவப்பு எல்லையை முட்டிக்கொண்டுதான் நின்றிருக்கிறது. அதற்குப் பிறகு பெய்தது கணக்கில் இல்லை. வெளியே மழை சற்றும் குறையவில்லை.

என் தொலைபேசி அடித்தது. புஷ்பராணி.

"மிஸ், பீலியில செந்தண்ணி வருதாம். கடைசி லயத்துப் பின்பக்கம் கதவு இறுகிப் போய்த் திறக்க மாட்டேங்குதுன்னு சொல்றாங்க." சுவர் நகரத் தொடங்கினால்தான் கதவு அப்படி இறுகும்.

"பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு எறங்குங்க. கீழ்க்கணக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க. லயத்துல இருக்க பெரியவங்களையும் கூட்டிக்கிட்டுப் போங்க. இப்பவே."

"மலையில இருக்கவங்கள எப்படிங்க மிஸ் கூப்பிடுறது? தொரை சொல்லாம கங்காணி விட மாட்டாரே."

நான் சேரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஏற்கனவே தன் தொலைபேசியைக் காதில் வைத்திருந்தார். தொரையிடம் அவர் பேசியது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. "எங்க சைரன் அடிக்காது சேர், மெஷின் பழுது. ஆனா கணக்கு எங்க கையில இருக்கு. நான் சொல்றேன், ஆட்களை இறக்குங்க. ஒண்ணும் நடக்கலன்னா என்னைத் திட்டுங்க, என் பொறுப்பு." கொஞ்சம் முன்புதான் இனி சும்மா கூப்பிட முடியாது என்று சொன்னவர் அவர். மெஷின் சொல்வதற்குக் காத்திராமல் தன் வாயால் சொன்னார். அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை அன்றிலிருந்து குறைந்ததே இல்லை.

அதற்குப் பிறகுதான் பழுது பார்க்கத் தொடங்கினோம். அந்த விவரங்கள் உங்கள் கையேடுகளில் இருக்கின்றன, நான் சொல்லப் போவதில்லை. சீடியிலிருந்து இரண்டாவது டிஸ்க்குக்குள் நுழைந்து, எழும்பும் நிரலை அதில் பதித்தோம். ஒவ்வொரு கட்டளையையும் ரமேஷ் சத்தமாக வாசித்த பிறகே நான் என்டரைத் தட்டினேன். அவசரம் இல்லாமல் செய்ய முடிந்ததற்குக் காரணம் ஒன்றுதான். சனங்கள் அதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தார்கள். இனி மெஷின் எழும்புவதும் எழும்பாததும் எங்கள் பாடு, அவர்கள் பாடில்லை.

சீடியை வெளியே எடுத்துவிட்டு மெஷினை மறுபடி இயக்கினோம். எழும்பியது. பச்சை வரவில்லை. மேற்கணக்கு சிவப்பாக வந்தது. சிவப்பைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு முறைதான்.

சற்று நேரத்தில் மறுபடி புஷ்பராணி.

"மிஸ், இப்பதான் ஒங்க சைரன் மேல அடிக்குது! நாங்க பள்ளிக்கூடத்துல பிளேன்டியே குடிச்சு முடிச்சிட்டோம்!"

ரமேஷ் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மலை வந்தது. கடைசி லயத்தின் பின்பாதியையும், பிள்ளைக் காம்பராவின் ஒரு சுவரையும் மண் மூடிவிட்டதாகச் செய்தி வந்தபோது நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. யாராவது துணி எடுக்க, கோழி பிடிக்க என்று திரும்பிப் போயிருந்தால்? புஷ்பராணியைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"இருங்க மிஸ், லயம் லயமாக் கூப்பிட்டுப் பாக்குறேன். போனை வச்சிராதீங்க."

பள்ளிக்கூட மண்டபத்தின் இரைச்சல் கேட்டது. அதற்கு மேலே புஷ்பராணியின் குரல் ஒவ்வொரு குடும்பத்தின் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டது. "இருக்கோம்." "இருக்கோம்க்கா." "எல்லாரும் இருக்கோம்." சேர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி லயம் வந்தது. கடைசிக் காம்பரா.

"கருப்பையா மாமா!"

பதில் இல்லை.

"கருப்பையா மாமா எங்க? யாராச்சும் பாத்தீங்களா?"

இரைச்சல் அடங்கிப் போனது. ரமேஷ் மேசையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் எங்கிருந்தோ, மண்டபத்துக்கு வெளியிலிருந்து, ஒரு கிழட்டுக் குரல் கோபமாக வந்தது.

"இருக்கேன் புள்ள, இருக்கேன்! ஆட்டைக் கட்டவேணாமா? மழையில நிக்குது வாயில்லா சீவன்!"

மண்டபமே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். சேர் எழுந்து, குடையைக்கூட எடுக்காமல், கீழே கடைக்கு வடை வாங்கப் போனார். நான் அன்றைக்கு முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது. எடுத்து முடிந்துகொள்ளவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.